சோதனைச் சாவடிக்காரன் தன் மகனுக்கு எழுதுவது

மகனே,

இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பெண்ணின் போனை எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் உன்னைக் கூப்பிடுவாள் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். நீ சொல்லும் பதிலை வைத்துத்தான் ஆவணியில் உன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று அவர்கள் முடிவு செய்யப்போகிறார்கள். பதறாதே, கேள்வி உன்னைப் பற்றியது இல்லை. உன் அப்பாவை நம்பலாமா என்று கேட்கப்போகிறாள். இந்த நிலைமை எப்படி வந்தது என்பதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். போனில் சொன்னால் நடுவில் எனக்குச் சாதகமாக எதையாவது மாற்றிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கூரியர் இரண்டே நாளில் கோயம்புத்தூர் போய்விடும் என்று கடைக்காரன் சத்தியம் செய்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் நம்பும்படி இல்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுகிறேன்.

நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை என்னை என்ன செய்தது என்று உனக்குச் சொன்னதில்லை. கலால் துறையில் முப்பது வருஷம், அதில் பாதிக்கு மேல் கீழவாஞ்சூர் எல்லைச் சாவடியில் நின்றேன். காரைக்காலில் சரக்கு விலை குறைவு, எல்லையைத் தாண்டினால் விலை கூடுதல், அதனால் கடத்த ஆள் எப்போதும் உண்டு. துறைமுகத்து நிலக்கரி லாரிகள் கறுப்புத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும். அவற்றுக்கு நடுவே பைக்கும் காரும் வேனும் வரும். பால் கேனுக்குள் பாட்டில் பார்த்திருக்கிறேன், பூக்கூடைக்கு அடியில் பார்த்திருக்கிறேன், ஸ்டெப்னி டயருக்குள் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் வண்டியைக் குடைந்துகொண்டு நிற்கமாட்டேன், ஆளைத்தான் பார்ப்பேன். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரல் நடுங்குகிறதா, மேலுதட்டில் வேர்வை பூத்திருக்கிறதா, நான் கேட்பதற்கு முன்பே மாமியார் வீட்டுக்குப் போவதாகச் சொல்கிறானா என்று பார்ப்பேன். பயப்படுகிறவன் எதையோ ஒளிக்கிறான். இதுதான் என் கணக்கு. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. தப்பாகப் போன நாட்களை நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பணி முடியும். ஐந்து மணியிலிருந்தே நீ வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாயாம். லாரி அப்பா மேல ஏறிடுமாம்மா என்று கேட்பாய். ஏறாது என்று அம்மா சொல்வாள். சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் அடுப்படிக்குள் போவதற்குள் திரும்பவும் கேட்பாய். ஒரே மணி நேரத்தில் இருபது தடவை கேட்டாய் என்று ஒருநாள் அழாத குறையாகச் சொன்னாள். நான் அதைச் சாவடியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன், பையனுக்கு என்மேல் உயிர் என்று. வீட்டுப் பாடத்தில் ஒரு எழுத்து கோணினாலும் அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிடும். அதற்குப் பொறுப்பான பிள்ளை என்று பெயர் வைத்தோம். சுற்றுலா போகும் நாளன்று உனக்குக் காய்ச்சல் வரும். அதற்குக் கண் திருஷ்டி என்று பெயர். உள்ளே ஒரு சின்னப் பிள்ளை நாள் முழுக்கப் பயந்துகொண்டிருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

நீ பதினொன்றாம் வகுப்புக்குப் போன வருஷம்தான் என் கண் உன்மேல் விழுந்தது. விழுந்த விதம்தான் சரியில்லை. காலையில் தண்ணீர்த் தம்ளரைப் பிடிக்கும்போது உன் கை நடுங்கியது. பள்ளிக்குக் கிளம்புமுன் நாலு தடவை கழிவறைக்குப் போனாய், குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாய். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்தது. என்னடா என்றால் ஒண்ணுமில்லப்பா என்று சுவரைப் பார்த்துச் சொன்னாய். வேறு ஊரில் வேறு வேலை பார்க்கும் அப்பனாக இருந்தால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பான். காலையில் கை நடுங்கி, வேர்த்து, வாந்தி எடுக்கிறவர்களை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் குடித்தவர்கள் அவர்கள். காரைக்காலில் எந்தத் தெரு முனையிலும் கடை இருக்கிறது, பள்ளிக்கூடப் பையன்கள் பெரிய ஆள் ஒருவனைப் பிடித்து வாங்குவதும் எனக்குத் தெரியும். பையன் குடிக்கிறான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஆதாரம் தேடுவது மட்டும்தான் பாக்கி.

சாயங்காலம் நீ வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, தம்பி ஊது என்பேன். நீ ஊதுவாய். ஒன்றும் வராது. வராதபோது எனக்கு நிம்மதி வரவில்லை, கெட்டிக்காரன் ஆகிவிட்டான் என்றுதான் தோன்றியது. நீ குளிக்கும்போது உன் பையைத் திறந்தேன். புதினா மிட்டாய் ஒரு பாக்கெட். மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர்கள் ஏழோ எட்டோ. வாடையை மறைக்கக் குடிகாரர்கள் வாயில் போடுவது புதினா மிட்டாய்தான். கவர் எதற்கென்று புரியவில்லை, புரியாததால் அதை இன்னும் மோசமாக நினைத்தேன். உன் அம்மா சனிக்கிழமை தோறும் திருநள்ளாறு போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். ஊரெல்லாம் பஸ் பிடித்து அங்கே வருகிறது, நமக்கு இருபது நிமிஷப் பாதை, போகாமல் இருப்பதா என்று அவளுக்கு. நான் அவளையும் விடவில்லை. இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, என்னிடம் மறைக்கிறாள், இல்லாவிட்டால் எதற்கு இந்த விளக்கு என்று நினைத்தேன். அந்த மாதங்களில் நம் வீட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிடவில்லை.

அப்புறம் அந்த நாள். டியூஷன் வாத்தியார் போன் செய்து, பையன் இரண்டு வாரமாக வரவில்லையே என்றார். மாட்டினான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை எழுதவே கூசுகிறது, ஆனால் வந்தது. உன்னைத் தேடி ஊரைச் சுற்றி, கடைசியில் கடற்கரையில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாய். கூட யாரும் இல்லை, பாட்டில் இல்லை. அதைப் பார்த்தாவது நான் நின்றிருக்கவேண்டும். உன்னைப் பைக்கில் ஏற்றி நேராகக் கீழவாஞ்சூர் சாவடிக்குக் கொண்டுபோனேன். பிடிபட்டவர்களை உட்கார வைக்கும் பெஞ்சில் உட்கார வைத்தேன். கூட வேலை பார்த்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பையைக் கவிழ்த்தேன். இது எதுக்கு என்று கவரைத் தூக்கிக் காட்டினேன். வாந்தி வந்தா பிடிக்கறதுக்குப்பா என்றாய். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்லுவார்கள் என்று நினைத்தாலே குமட்டுகிறது, மிட்டாய் போட்டால் கொஞ்சம் அடங்குகிறது என்றாய். நான் சாவடியில் கேட்ட கதைகளிலேயே மட்டமான கதை இது என்று நினைத்தேன்.

அப்போதுதான் உனக்கு அது வந்தது. முகம் வெளுத்து, மூச்சு மேலே மேலே போய், விரல்கள் மடங்கி விறைத்துக்கொண்டன.

"மூச்சு விட முடியலப்பா. செத்துடுவேன் போல இருக்குப்பா."

"நடிக்காதடா" என்றேன்.

நீ அந்தச் சொல்லை மறந்திருப்பாய் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. வரிசையில் நின்ற ஒரு நிலக்கரி லாரிக்காரர் இறங்கி வந்து, சார் புள்ளைக்கு என்னமோ ஆவுது சார் என்று என்னைத் தள்ளிவிட்டு உன்னைத் தூக்கினார். ஐந்து நிமிஷம் முன்புதான் அவர் முழியைப் பார்த்து அவர் லாரியைக் குடையவேண்டும் என்று நினைத்திருந்தேன். உன் வெள்ளைச் சட்டை முழுக்க அவர் கைக் கரி. ஆட்டோவில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான். நான் பின்னால் பைக்கில் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார் அந்த இளம் டாக்டரம்மா. பார்த்தாயா, நடிப்புத்தான் என்பதே என் முதல் நினைப்பு. அவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு உன்னோடு அரை மணி நேரம் பேசினார். நான் கதவில் காது வைத்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தவர், இதற்கு ஆங்சைட்டி என்று பெயர், பிள்ளைகளுக்கும் வரும், ஆபத்து இல்லாதபோதும் உடம்பு ஆபத்து என்று நம்பிவிடுகிறது, பையன் சொன்னது ஒன்றும் பொய் இல்லை என்றார். நான் குரலைத் தாழ்த்தி, அவன் எதை மறைக்கிறான் டாக்டர் என்று கேட்டேன்.

"எதையும் மறைக்கல சார். பயப்படறதுக்கு எதையாவது மறைச்சிருக்கணும்னு இல்ல."

அத்தனை வருஷ வேலையை ஒரே வரியில் தப்பு என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? அந்த டாக்டர் மேலும் எனக்குச் சந்தேகம்தான். தனியார் ஆஸ்பத்திரி என்றால் காசுக்காகச் சொல்கிறார்கள் என்று சமாதானம் ஆகியிருப்பேன். அரசு ஆஸ்பத்திரியில் காசும் வாங்காமல் இவ்வளவு நேரம் எதற்குப் பேசுகிறார் என்று குழம்பினேன். ஒன்றும் இல்லை என்கிறார்கள், அப்புறம் மாத்திரை எதற்கு என்று உன் அம்மாவிடம் வாதாடினேன். அவள்தான் உன்னை வாராவாரம் கவுன்சலரிடம் கூட்டிக்கொண்டு போனாள். முதல் வாரம் பள்ளி கேட் வரை போய்த் திரும்பினாய். அப்புறம் ஒரு பீரியட். அப்புறம் வகுப்பில் இரண்டு வரி வாசித்தாய், அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினாள். எனக்கும் அந்தக் கவுன்சலர் ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு உன் பையைத் தொடக்கூடாது, வாயை முகரக்கூடாது. நாலாவது நாளே திறந்துவிட்டேன். மேலாக ஒரு துண்டுத் தாள் இருந்தது. "அப்பா, நோட்டும் டிபன் பாக்ஸும்தான் இருக்கு" என்று உன் கையெழுத்தில். நான் மூடி வைத்துவிட்டேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, நீயும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், பார்த்தேன். அதற்கப்புறம்தான் உன் பையைத் தொடவில்லை.

நீ தேறினாய். அது உன் உழைப்பு, உன் அம்மாவின் உழைப்பு. நான் என் பங்குக்கு இன்னொரு தப்பைச் செய்தேன். மாத்திரை ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. ஆனால் அங்கே மருந்து கொடுப்பவர் நமக்குத் தூரத்துச் சொந்தம். விஷயம் வெளியே போகும், நாளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று நாகப்பட்டினம் போய் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையில் இருந்த மருந்தின் பெயரைச் சுரண்டினேன். நீ பள்ளிக்குப் போகாத நாட்களுக்கு மஞ்சள்காமாலை என்று எல்லோரிடமும் சொல்லச் சொன்னேன். நீ ஒருநாள், மஞ்சள்காமாலைன்னா சொல்லலாம், இதுன்னா சொல்லக்கூடாதாப்பா என்று கேட்டாய். நான் சாவடிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். வாத்தியாருக்குப் பயந்துகொண்டிருந்த பிள்ளையை, அதற்குமேல் ஊருக்கும் பயப்பட வைத்தவன் நான். உன்னைச் சோதித்தது ஒரு வருஷம்தான், மறைக்கப் பழக்கியது அதைவிட நீளம்.

இனி உனக்குத் தெரியாத பகுதி. இரண்டு மாதம் முன்பு நீ போனில், அப்பா, அந்தப் பெண்ணிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றாய். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீ பேசாமல் இருந்தாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். போன மாதம் வெள்ளை வேட்டியில் ஒருவர் நம் தலத்தெருவில் மனை ஏதும் விலைக்கு வருமா என்று கேட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். மனை வாங்க வந்தவர் விலையை விசாரிக்கவில்லை, அலமாரியில் இருந்த உன் போட்டோவைப் பார்த்தார். பெண்ணின் அப்பா முகச்சாயல் அப்படியே இருந்தது, பெண்ணின் சித்தப்பா என்று எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பெண் கொடுக்கிறவர்கள் இப்படி ஆள் விட்டு விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம்தான், உன் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நானும் போயிருக்கிறேன். தெரியாதவன் மாதிரியே காப்பி கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக, பையனுக்குப் பழக்கம் ஏதாவது உண்டா என்றார். கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சின்ன வயதில் உடம்புக்கு ஏதாவது வந்து வைத்தியம் பார்த்தீர்களா என்றார். ஒரு தலைவலி கூட வந்தது இல்லை என்றேன். ஒரு துளி வேர்வை இல்லை, கையில் இருந்த டபராவில் காப்பி அலுங்கவில்லை.

அவர் போனதும் உன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"எவ்வளவு சுத்தமா பொய் சொல்றீங்க. எம் புள்ள உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வேர்த்து விறுவிறுத்து நின்னான். அவன நீங்க நம்பல."

அவள் கத்தவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. பெட்டிக்குள் மாத்திரையை ஒளித்துக்கொண்டு நீ ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துவதை நினைத்துப் பார்த்தேன். பயம் திரும்ப வந்தால் பக்கத்தில் இருக்கிறவளிடம் கூடச் சொல்லாமல் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பாய். அப்படித்தானே உன்னைப் பழக்கியிருக்கிறேன். இரண்டு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, போன வியாழக்கிழமை பெண் வீட்டுக்குப் போக மயிலாடுதுறை பஸ் ஏறினேன். உன்னைக் கேட்காமல் போனேன். சொல்லவேண்டியது உன் விஷயம், சொல்லும் உரிமையும் உன்னுடையது. அதற்கு நீ எவ்வளவு கோபப்பட்டாலும் தகும்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். முந்தின தடவை சம்பந்தி என்று கூப்பிட்ட பெண்ணின் அப்பா இந்தத் தடவை சார் என்றார். அதைக் கவனிக்காதவன் மாதிரி உட்கார்ந்தேன். நெல் அறுப்பு, மழை என்று ஏதோ பேசிப் பார்த்தேன். அவர் கேட்பதற்கு முன்பே, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். அப்புறம் ஒருவழியாகச் சொல்ல ஆரம்பித்தேன். உனக்கு வந்த நோய், சாவடி பெஞ்ச், மாத்திரை, மஞ்சள்காமாலைப் பொய் எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியதால் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன். அவர் என் கையையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியாததா? வேற ஏதாவது இருக்கா சார் என்றார். வேற ஒண்ணும் இல்லீங்க என்றேன். நான் சொன்னது முழு உண்மை, ஆனால் என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த மூச்சுமுட்டல், பதினாறு வயதில் உனக்கு வந்ததில் கால்வாசி இருக்குமா என்று தெரியவில்லை. அதற்கே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"பையன் எம் பொண்ணுகிட்ட ரெண்டு மாசம் முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எங்களுக்கு அவர் மேல ஒரு குறையும் இல்ல. உங்க வீட்ல என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் என் தம்பிய அனுப்பினேன். நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா, அதையும் இல்லேன்னு மறைப்பீங்களா? நடிக்கிறான்னு சொன்ன வாய்தானே சார் இது?"

ஆக, நீ அவளிடம் அந்தச் சொல்லையும் சொல்லியிருக்கிறாய். சொன்னது சரி. இனிமேல் அப்படி நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன், அப்படிச் சொன்ன எத்தனை பேரை நான் நம்பியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவர், உங்களை நம்பலாமா கூடாதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை, உங்கள் கையில் வளர்ந்த பிள்ளையிடமே கேட்டுக்கொள்கிறோம் என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில், மகன் எனக்குச் சாதகமாகச் சொல்வானா என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். இதுவும் அதே புத்திதான்.

மகனே, அவளுக்கு நீ என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லித்தரப்போவதில்லை. எனக்காக ஒரு பொய்யும் வேண்டாம், அம்மா வருத்தப்படுவாள் என்று ஒரு பொய்யும் வேண்டாம். அப்பாவை நம்ப முடியாது, தனியாகத்தான் இருப்போம் என்று தோன்றினால் அதைச் சொல். பாதி நம்பலாம் என்றால் பாதி என்று சொல். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டவேண்டும் என்றால் தாராளமாகக் காட்டு, வேறு யார் படித்தாலும் எனக்கு இனிக் கவலை இல்லை. சொல்லும்போது உன் குரல் நடுங்கலாம், நடுவில் மூச்சு வாங்கலாம், வாங்கட்டும், நிதானமாகச் சொல். கல்யாணம் நின்றுபோனால் உன்னால் நின்றது என்று இந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், முதலில் நான் பேசமாட்டேன். அன்றைக்குச் சாவடியில் நீ உண்மையைச் சொன்னாய், நான் நடிக்காதே என்றேன். இந்தத் தடவை என்னைப் பற்றி நீ என்ன சொன்னாலும் அதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்வேன்.

உன் அப்பா